ஜார்லத் வண்டியின் வயது

என் மனைவி அட்ராக்டாவைப் பொறுத்தவரை உலகத்தில் பெரிய மனிதர் ஒரே ஒருவர்தான். அது நான் இல்லை. அவளுடைய அண்ணன் ஜார்லத்.

நாற்பது வருடம் இங்கிலாந்தில், கவென்ட்ரியில் இருந்தவர். அங்கே அவர் பெரிய கட்டிட ஒப்பந்தக்காரர் என்பதும், அவருக்குக் கீழே முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதும் எங்கள் க்ளூன்பான் கிராமம் முழுவதற்கும் தெரியும். தெரியவைத்தவள் அட்ராக்டா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று பேசுவோமே, அந்த நேரத்தில் மற்றப் பெண்கள் முழங்கால் வலியையும் மருமகள்களையும் பற்றிப் பேசுவார்கள். இவள் கவென்ட்ரியைப் பற்றிப் பேசுவாள். ஜார்லத் முப்பது பேரோடு சேர்ந்து மண் அள்ளினார் என்பதும், முதுகு போனபிறகு ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போனார் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இதைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறந்ததே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடம் சண்டையில்லாமல் ஓடியதற்கு இந்த மாதிரி சில விஷயங்கள்தான் காரணம்.

இந்த வசந்தத்தில் ஜார்லத் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினார். கப்பலில் காரோடு வந்து இறங்கினார். ஏரிக்கு மேலே மேட்டில் பூட்டிக் கிடந்த அவர்கள் அப்பா வீட்டைத் திறந்து, அடுப்பில் கரியைப் போட்டு, இனி சாகும்வரை இங்கேதான் என்றார். அட்ராக்டா அன்றைக்கு அழுத அழுகை இருக்கிறதே, அவளுடைய அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை.

அந்த மேட்டுக்கு பஸ் கிடையாது. கடை, மருந்து, கோயில் எல்லாம் கீழே. ஜார்லத்தின் முழங்கால் இரண்டும் நடக்க ஒத்துழைக்காது. வண்டி இல்லாமல் அந்த வீட்டில் இருப்பதென்றால் ஒன்று அவர் துறவியாக வேண்டும், இல்லை பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் ஞாயிறன்றே அந்த வண்டி கோயில் வாசலுக்கு வந்தது. வெள்ளை நிறம், ஏழு பேர் உட்காரலாம், ஜப்பானில் ஓடி இங்கிலாந்துக்கு வந்த வண்டி. நன்றாகத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது கன்செப்டா ப்ரெஹனி அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கன்செப்டா எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரி. ஒரு வண்டியின் முன்னால் போய் நின்றால் அவள் கண் முதலில் நம்பர் பிளேட்டுக்குத்தான் போகும். அவளை மட்டும் சொல்வானேன், இந்த நாட்டில் எல்லோருக்கும் அதே கண்தான். எங்கள் பிளேட்டில் முதலில் நிற்பது வண்டியின் வருடம். சம்பளத்தை மறைக்கலாம், நோயை மறைக்கலாம், வண்டியின் வயதை மறைக்க முடியாது. ஜனவரி பிறந்தால் யார் வீட்டு வாசலில் புது வருடம் நிற்கிறது என்று பார்ப்பதற்கென்றே சிலர் நடைப்பயிற்சி போவார்கள்.

ஆனால் ஜார்லத்தின் இங்கிலாந்து பிளேட்டில் வருடமே இல்லை. அங்கே காசு கொடுத்தால் வருடம் தெரியாத எண்ணை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். முன்பு வைத்திருந்தவர் அப்படி மாட்டியிருந்தார். கன்செப்டா முன்னாலும் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு முகம் சுருங்கி நின்றாள்.

"என்ன வருஷத்து வண்டி ஜார்லத்?" என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அட்ராக்டா முந்திக்கொண்டாள். "பதினாறு. ஜப்பான்லேர்ந்து வரவழைச்சது. சும்மா கடையில போய் வாங்கறவரா எங்கண்ணன்?"

"ஜப்பான்லேர்ந்தா!" என்றாள் கன்செப்டா.

அட்ராக்டா புளுகவில்லை. அவருடைய இங்கிலாந்துப் பதிவுப் புத்தகம் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தபோது எட்டிப் பார்த்திருக்கிறாள். அதில் இரண்டாயிரத்துப் பதினாறு என்று இருந்தது. ஜார்லத் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அடக்கம் என்று நான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்குள் அந்தப் பதினாறு ஊர் முழுக்கப் போய்விட்டது. தபால்காரன்கூட என்னிடம், "உங்க மச்சானுக்கு என்னங்க, ஜப்பான் வண்டி!" என்றான்.

வெளிநாட்டு வண்டியைக் கொண்டுவந்தால் இங்கே பதிந்து, இங்கத்திய எண் வாங்க வேண்டும். நாடு திரும்புகிறவர் என்பதால் ஜார்லத்துக்குப் பதிவு வரி தள்ளுபடி ஆகிவிட்டது. வருடா வருடம் கட்டுகிற சாலை வரி மட்டும்தான் பாக்கி. அதில் என்ன வரப்போகிறது என்று மூன்று பேரும் கிளம்பி வண்டிப் பதிவு மையத்துக்குப் போனோம். அட்ராக்டா கல்யாணத்துக்குப் போகிற கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

கவுண்டரில் செந்தாடி வைத்த இளைஞன் ஒருவன். மரியாதையான பையன். வண்டியைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், மறுபடி வண்டியைப் பார்த்தான்.

"சார், ஜப்பான்ல முதல்ல பதிவான பேப்பர் ஏதாச்சும் இருக்கா?"

ஜார்லத் பக்கத்தில் நின்ற தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள், வெள்ளிக்கோப்பை வாங்கப் போகும் பிள்ளையின் தாயைப்போல முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"இல்லப்பா," என்றார்.

"அப்ப இங்கிலாந்துத் தேதியத்தான் எடுத்துக்கணும். பதினாறு. அப்படின்னா உங்களுக்கு வரி புகைக் கணக்குல வரும். ஆனா புத்தகத்துல புகை அளவு போட வேண்டிய இடம் காலியா இருக்கே."

"காலியா இருந்தா புகையே இல்லன்னு எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றேன் நான்.

பையன் சிரித்தான். "அப்படி இருந்தா நானே ஒண்ணு வாங்கியிருப்பேன் சார். அளவு தெரியலன்னா, இருக்கறதுலயே அதிகமா புகை விடற வண்டின்னு சட்டம் வச்சுக்கும். உச்ச வரி."

எவ்வளவு என்று கேட்டோம். சொன்னான். ஜார்லத்தின் பென்ஷனில் இரண்டு மாதத்துக்கு மேலேயே போய்விடும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டப்ளினில் ஆளுயர ஜீப்பில் போகிறானே, அவன் கட்டுகிற வரியை, தையல் மெஷின் மாதிரி ஓடுகிற இந்தச் சின்ன எஞ்சினுக்குக் கட்ட வேண்டுமாம். என்ன குற்றம்? எவ்வளவு புகை விடுகிறது என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்பது குற்றம். பையன்மேல் பாய்ந்து என்ன பயன், அவனா சட்டம் போட்டான்? அவன் எங்களுக்கு நல்லதுதான் செய்தான்.

"வண்டிக் கம்பெனிக்கு எழுதிப் பாருங்க சார். அளவு குடுத்தாங்கன்னா கொண்டு வாங்க. மாசக் கடைசி வரைக்கும் ஃபைல முடிக்காம வைக்கிறேன்," என்றான்.

எழுதினோம். டப்ளினில் இருக்கும் முகவர்களிடமிருந்து பதில் வந்தது. அந்த ரகம் ஐரோப்பாவில் விற்கப்படவே இல்லை, இங்கத்திய முறைப்படி அதன் புகையை யாரும் அளந்ததில்லை, அளக்காததற்கு எண் தர முடியாது, வணக்கம். அட்ராக்டா அதை இரண்டு தரம் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

"வரிய நாம கட்டிடலாம். ரெண்டு கன்னுக்குட்டிய வித்தா ஆச்சு," என்றாள்.

"வருஷா வருஷமா?" என்றேன்.

"வருஷா வருஷம் கன்னு போடுதுல்ல?"

ஜார்லத் கேட்கவில்லை. தங்கச்சி வீட்டுக் கன்றை விற்று வண்டி ஓட்டுகிறவன் நான் இல்லை என்றார். வண்டியைக் கொடுத்துவிட்டு, உள்ளூரிலேயே இந்த நாட்டு வண்டி ஒன்று வாங்கலாமே என்று கேட்டேன். ஜப்பான் வண்டிக்கு வியாபாரி கொடுப்பது கப்பல் செலவுக்குத்தான் காணும் என்றார். இங்கே பழைய வண்டி என்ன விலை விற்கிறது என்பது எனக்கும் தெரியும்.

பிறகு ஒருநாள் மதியம் எங்கள் வீட்டில் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "லாங்ஃபோர்டுலேர்ந்து ஒரு ஆளு சனிக்கிழமை வந்து வண்டியப் பாக்கறேன்னிருக்கான். கவென்ட்ரியில என் பழைய ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கு. வாசல்லயே பஸ்ஸு."

அட்ராக்டா கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து பின்பக்கம் போய்க் கோழிகளிடம் எதையோ இரைந்து பேசினாள். அழுதால் அவள் கோழிகளிடம்தான் போவாள்.

சனிக்கிழமை காலையில் நான் மேட்டு வீட்டுக்குப் போனேன். விற்கப்போகிற வண்டியைச் சுத்தம் செய்ய உதவி என்பது சாக்கு. உண்மையில் எனக்கு மனசு சரியில்லை. மச்சான் இங்கே வந்த இந்தக் கொஞ்ச காலத்தில், சாயங்காலமானால் இருவரும் ஏரிப் பக்கம் பார்த்து உட்கார்ந்து வாயே திறக்காமல் தேநீர் குடிப்பது எனக்குப் பழகிவிட்டது. பேசாமல் உட்காரத் தெரிந்த ஆள் லேசில் கிடைப்பதில்லை. என் வீட்டில் நிச்சயமாகக் கிடையாது.

அவர் வெளியே கண்ணாடியைத் துடைத்தார், நான் உள்ளே. பின் இருக்கையின் சீட் பெல்ட்டில் ஏதோ கறை. முழுவதுமாக இழுத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போனேன். பெல்ட் முடியும் இடத்தில், எப்போதும் உள்ளே சுருண்டே கிடக்கும் பகுதியில், ஒரு துணிச்சீட்டு தைத்திருந்தது. ஜப்பான் எழுத்து. நடுவில் ஒரு வருடம்: 2006.

"மச்சான், இங்க வாங்க. இது என்ன?"

தலையை நுழைத்துப் பார்த்தார். "பெல்ட்டு."

"பெல்ட்டுன்னு எனக்குத் தெரியாதா? இதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது மாப்ள."

"நம்பர் எல்லா ஊர்லயும் நம்பர்தான். ரெண்டாயிரத்து ஆறுன்னு இருக்கு. உங்க வண்டி பதினாறா, ஆறா?"

அவர் சுற்றி வந்து முன் இருக்கையில் உட்கார்ந்து, டேஷ்போர்டின் பெட்டியைத் திறந்தார். சாக்லேட் உறை, பழைய கையுறை, இவற்றுக்கு அடியில் ஒரு கவர். ஜப்பானில் முதலில் பதிவான தாள், ஆங்கில மொழிபெயர்ப்போடு, முத்திரையோடு. ஒளித்தும் வைக்கவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஜப்பானில் பதிவானது இரண்டாயிரத்து ஆறில். பத்து வருடம் கழித்து இங்கிலாந்துக்குப் போனபோது அங்கே பதிந்த தேதிதான் பதினாறு.

எனக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. என் சொந்த வண்டி இரண்டாயிரத்து ஐந்தாம் வருடத்தது, அதனால் இந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். இரண்டாயிரத்து எட்டுக்கு முன்னால் உலகத்தின் எந்த மூலையில் பதிவான வண்டியாக இருந்தாலும், அதன் புகையை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எஞ்சின் அளவுக்குத்தான் வரி. இந்த எஞ்சினுக்கு, அந்தப் பையன் சொன்னதில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். மச்சான் தாராளமாகக் கட்டலாம்.

"பையன் கேட்டான்ல, ஜப்பான் பேப்பர் இருக்கான்னு? வாயத் தொறந்து இல்லன்னீங்களே! உங்களுக்குப் பைத்தியமா மச்சான்? இத நீட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும். ஆறுன்னு பிளேட்டும் குடுத்திருப்பான்."

"குடுக்கட்டுமே!"

"அவ பதினாறுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டாளே மாப்ள."

அவர் அந்தக் கவரை முழங்காலில் வைத்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளையைப்போல இல்லாமல், ரொம்ப நிதானமாகவே பேசினார்.

"அம்மா சாவுக்கு வந்தேனே, கறுப்பு வண்டியில, ஞாபகம் இருக்கா? ஏர்போர்ட்டுல வாடகைக்கு எடுத்தது. ரெண்டு நாள்ல திருப்பிக் குடுக்கணும். அவ என் சொந்த வண்டின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. நான் கிளம்பற வரைக்கும் அதையே வச்சுக்கிட்டேன். அப்புறம் கோயில் கூரை. என் பேரைச் சொல்லி அவளே சாமியார்கிட்ட பணம் தரேன்னு ஒத்துக்கிட்டா. ரெண்டு குளிர்காலம் ஞாயித்துக்கிழமை ராத்திரியும் சேத்து வேலை பாத்தேன்."

"ஒரு தடவையாச்சும் வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது?" என்றார். "கவென்ட்ரியில நான் யாரு? ராத்திரி ட்ராலி தள்றவன். டாக்டருங்க என் பேரை ஒருநாள் கேட்டதில்ல. நான் பெரிய ஆளா இருந்தது இந்த ஒரு ஊருலதான் மாப்ள. அது அவ எனக்குக் குடுத்தது. அவ அத்தன வருஷம் பாடுபட்டுக் கட்டின வீட்ட, வந்த முதல் மாசமே நான் இடிக்கணுமா?"

"அதனால ஊரை விட்டே போறீங்களா?"

"பெரிய ஆளாவே போறேன். அது பரவால்ல."

மனசு இளகினால் எனக்குக் கோபம்தான் வரும். என் சுபாவம் அது. துணியை வாளியில் வீசினேன்.

"அவகிட்ட சொல்லிடாத மாப்ள," என்றார்.

"சொல்லாம இருக்க நான் என்ன பாவசங்கீர்த்தனம் கேக்கற சாமியாரா?" என்று சொல்லிவிட்டு என் வண்டியில் ஏறினேன்.

அட்ராக்டா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவும் இல்லை. இருந்ததை இருந்தபடி சொன்னேன். முதலில் அவளுக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது.

"அவரு பேப்பர் குடுக்காததுக்கு என்னை எதுக்கு இழுக்கறீங்க? நானா குடுக்க வேணாம்னேன்?"

"நீ ஊருக்குப் பதினாறுன்னு சொன்ன. அவரு அதுக்கு வரி கட்டப் பாத்தார். முடியல. அதான் போறார்," என்றேன்.

கத்தி நின்றது. அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தக் கறுப்பு வண்டி வாடகை வண்டின்னு எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "சாவியில சீட்டு தொங்கிச்சு."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"அண்ணன் மொத மொத போனப்போ நானும் பஸ் ஏத்திவிடப் போனேன். நான் சின்னப் பொண்ணு. கன்செப்டாவோட அப்பா அங்க நின்னுக்கிட்டு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னார், 'இவன் எதுக்கும் ஆகாதவன், போன வேகத்துல வந்து நிப்பான்'னு. அண்ணன் கேட்டுச்சு. கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே பஸ்ல ஏறிச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆளுக்குத்தான் நான் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவரு செத்தும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன் பாருங்க. அதுக்கு அண்ணன் தலையில பாரத்த ஏத்தியிருக்கேன்."

நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் கோழிகளிடம் போகவில்லை. ஏப்ரனைக் கழற்றாமல் அதன்மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு, "வண்டிய எடுங்க," என்றாள்.

நாங்கள் மேட்டுக்குப் போனபோது லாங்ஃபோர்டு ஆள் வந்திருந்தான். டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அட்ராக்டா நேராக அவனுக்கும் வண்டிக்கும் நடுவே போய் நின்றாள்.

"வண்டி விக்கறதுக்கு இல்ல."

"போன்ல விக்கறதா சொன்னாரேம்மா?"

"போன்ல பேசினவருக்கு அன்னைக்கு உடம்பு சரியில்ல. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவன் தேநீர் குடிக்காமலே கிளம்பினான். அவள் அண்ணனிடம் கையை நீட்டினாள். "பேப்பரக் குடு."

ஜார்லத் என்னை முறைத்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

"அட்ராக்டா, ஊருல..."

"ஊர நான் பாத்துக்கறேன். நீ இங்க இருந்தாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ண்ணே." குரல் உடைந்துவிட்டது. அவர் கவரைக் கொடுத்தார்.

செந்தாடிப் பையன் அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். எங்களுக்காக அவன் உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறான். "இது போதும் சார். இனிமே புகையப் பத்திப் பேச்சே இல்ல," என்றான். புகை அளவுக்கான கட்டம் கடைசிவரை காலியாகவே இருந்தது. எண் வந்தது: முதலில் 06, பிறகு ராஸ்காமன் மாவட்டத்தின் எழுத்துகள், பிறகு மற்றது. பிளேட்டை நான் மாட்டுகிறேன் என்றேன். அட்ராக்டா விடவில்லை. திருப்புளியை வாங்கி, வாசலில் மண்டியிட்டு, முன்னாலும் பின்னாலும் அவளே முடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் மூவரும் கோயிலுக்குப் போனோம். வழக்கமாக ஜார்லத் ஓரமாக, வேலிக்கு முகம் காட்டி நிறுத்துவார். அன்று அட்ராக்டா அவரைக் கோயில் கதவுக்கு எதிரே நிறுத்தவைத்தாள். பூசை முழுக்க எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஜார்லத் தொப்பியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

வெளியே வந்தால், கன்செப்டா வண்டியின் முன்னால் நிற்கிறாள். இன்னும் நாலைந்து பேர் பக்கத்தில். எல்லோர் கண்ணும் பிளேட்டில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்கள் ஊரின் கொடுமை. முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

அட்ராக்டா நேரே போனாள். "ஆறாம் வருஷத்து வண்டி கன்செப்டா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "பதினாறுன்னு நான்தான் சொன்னேன். அண்ணன் சொல்லல. அண்ணனுக்குக் கம்பெனியும் இல்ல, கீழ முப்பது பேரும் இல்ல. ஆஸ்பத்திரியில ராத்திரி ராத்திரியா நோயாளிங்கள ட்ராலியில தள்ளிக்கிட்டுப் போன காசுல வாங்கினது இது. இந்தக் கோயில் கூரையும் அந்தக் காசுதான்."

ஜார்லத் தரையைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. எனக்கு, இந்த மனுஷியைக் கல்யாணம் செய்துகொண்டவன் நான்தான் என்று உரக்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

கன்செப்டா பிளேட்டிலிருந்து கண்ணை எடுத்து ஜார்லத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பாவ கடைசியா ஸ்லைகோ ஆஸ்பத்திரியில உள்ள தள்ளிக்கிட்டுப் போனவரும் அந்த மாதிரி ட்ராலி தள்ற ஒருத்தர்தான்," என்றாள். "ராத்திரி நேரம். அப்பா பயந்துபோய் அவரு கையப் பிடிச்சுக்கிட்டே போனார். கதவு வரைக்கும் அந்த ஆளு கைய விடல. நான் அவரு பேரக்கூடக் கேக்கல ஜார்லத்."

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா. அந்த நேரத்துல அது தோணாது," என்றார் ஜார்லத். "கை பிடிப்பாங்க. விடக் கூடாது, அவ்வளவுதான்."

கன்செப்டா தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்து இருக்கைகளை எண்ணினாள். "வியாழக்கெழமை எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஸ்லைகோவுல கண்ணு பாக்கணும். பஸ்ஸும் நின்னு போச்சு. இடம் இருக்குமா?"

"காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றார் ஜார்லத்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் ஓட்டினார், நான் பக்கத்தில், அட்ராக்டா பின்னால். ஏரி தெரிகிற திருப்பத்தில் ஜார்லத்தின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியிருந்ததைப் பார்த்தேன். அவர் வந்த நாளிலிருந்து அந்தத் தோள்களை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பின்னாலிருந்து அட்ராக்டாவின் குரல் வந்தது. "ஆறாம் வருஷம்னாலும், ஜப்பான்ல இத ஒரு டாக்டர்தான் வச்சிருந்தாராம்ல? ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கார். கன்செப்டாகிட்ட சொல்ல மறந்துட்டேன். வியாழக்கெழமை சொல்லணும்."

"எந்த டாக்டரு?" என்று திரும்பினேன். அந்தத் தாளில் டாக்டரும் இல்லை, யாரும் இல்லை.

ஜார்லத் கண்ணாடியில் தங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

"விடு மாப்ள, சொல்லிக்கட்டும்," என்றார். "டாக்டருக்குத் தனியா வரி கேக்கலல்ல?"